மரம் எண் பதினாலு

தெர்மகோல் பெட்டியோடு எண்ணூரில் ரயிலேறினால்
யாராவது கேட்டுவிடுவார்கள்: "இன்னா மீனு?"
இலை என்பேன்.
"ஐஸ் போட்டு இலையா?"
திறந்து காட்டியும் நம்பாத ஒருவர்
வண்டி திருவொற்றியூர் தாண்டும்வரை
அடியில் இறால் இருக்குமென்றே பார்த்துக்கொண்டிருந்தார்.

முகத்துவாரத்திலிருந்து தேசிங்கின் படகில் முக்கால் மணி.
சாம்பல் குழாய் உடைந்த இடத்தில்
துடுப்பு தண்ணீருக்குள் இறங்காது,
குழைத்த சிமெண்டில் கரண்டி போல இறங்கும்.
அங்கேதான் நின்றது
நான் நீலக்கயிறு கட்டிய வெண்கண்டல்.
இலையை நக்கினால் உப்பு.
வேறு தண்ணீர் இல்லாததால் இதையே குடித்து
உப்பை மட்டும் தோலுக்கு வெளியே
உலர வைக்கத் தெரிந்த மரம்.

அந்த வித்தையில் ஒரே ஒரு வரியை
நெல்லுக்குள் எழுதுவது என் உத்தியோகம்.
நேராக எழுத முடியாது.
மண்ணில் ஒரு பாக்டீரியா உண்டு,
செடியின் கழுத்தில் கட்டி வளர்க்கும் போக்கிரி.
கட்டிக்கான சரக்கைப் பிடுங்கிக்கொண்டு
அதன் கையில் எங்கள் கடுதாசியைத் திணித்து அனுப்புவோம்.
நூறு திசுவில் நாலு வாங்கிக்கொள்ளும்.
மிச்சமெல்லாம் கறுத்து
ஆட்டோகிளேவில் கஞ்சியாகிப் போகும்.

பதினோராம் நாள், உப்புத் தட்டில்
கடுதாசி வாங்கிய நாற்று பச்சை.
வாங்காதது நுனியிலிருந்து சுருண்டு
பீடி இலை நிறம்.
மூன்றாவது தட்டு நல்ல தண்ணீரில்.
அது ஒன்றும் சாதிப்பதில்லை, சும்மா வளரும்.
ஆனால் அது இல்லாமல் கணக்கு செல்லாது;
எவ்வளவு வாடியது என்று சொல்ல
வாடாதது ஒன்று பக்கத்தில் வேண்டும்.

தாங்குதிறன்: நன்று, என்று படிவத்தில் எழுதினேன்.

இதே சொல்லுக்கு எர்ணாவூரில்
"பழகிடுச்சு" என்று பெயர்.
மணலிக் காற்று திரும்பி
அழுகின முட்டை நெடி வந்த ராத்திரி
என் அக்கா ஹெப்சிபா ஜன்னலைச் சாத்தினாள்,
இருமி முடித்தாள்,
சீரியல் சத்தத்தைக் கூட்டினாள். பழகிடுச்சு.
போர்வெல்லில் மஞ்சள் தண்ணி, பழகிடுச்சு.
கொடித்துணியில் கரி,
உதறினாப் போச்சு.
எங்களுக்குப் பக்கத்தில்
நல்ல தண்ணீர்த் தட்டாக எந்த ஊரை வைத்திருக்கிறார்கள்
என்று அன்றைக்குத் தோன்றியது.
வாய்வரை வந்தது பெயர்.
சொல்லவில்லை. என் ஆய்வகம் அங்கேதான்.

காட்டுக்குப்பத்துப் பூங்காவனம்
கழுத்தளவு நீரில், பறியைப் பல்லில் கடித்துக்கொண்டு
சேற்றைத் தடவி இறால் எடுக்கிறவள்.
படகோரம் பிடித்து நின்று கேட்டாள்,
"உப்புல வளர்ற நெல்லுன்னா சோறு கரிக்குமா?"
கரிக்காது.
"அப்போ உப்பு செலவு மிச்சமில்ல."
சிரித்தாள். காலை உயர்த்திக் காட்டினாள்,
முழங்கால்வரை வெள்ளைச் சேறு.
"இதுல வளர்றதுக்கு இன்னா வச்சிக்கீற?"
தேடணும் என்றேன்.
"தேடு. கொட்றவன் வூட்ல மொதல்ல தேடு."

மூன்று வருஷம் கழித்து, ஒரு மார்கழியில் போனபோது
நீலக்கயிறு இருந்தது.
கயிற்றுக்குள் மரம் நின்றது, ஓர் இலை இல்லாமல்.
மூச்சுவேர்கள் எங்கே என்று
துடுப்பால் கிளறிப் பார்த்தோம்.
சாம்பல், அதற்கு அடியிலும் சாம்பல்.
உப்பு அதற்குத் தெரிந்த எதிரி.
இது நேற்று வந்தது.

தேசிங்கு மோட்டாரை நிறுத்திவிட்டு
வேற மரம் பாக்கலாமா என்றான்.
டீசல் விலையும் சொன்னான்.

இதன் ஒரு வரி
மைனஸ் எண்பதில் குப்பிக்குள் உறைந்திருக்கிறது.
மூன்றாம் தலைமுறை நெல் கதிர் தள்ளிவிட்டது,
போன வாரம்தான் காகித உறை மாட்டினேன்.
படிவத்தில் 'தாய்மரத்தின் நிலை' என்றொரு கட்டம்.
பேனா மூடியைக் கழற்றி, மறுபடி மூடினேன்.

கயிற்றையாவது எடுத்துப் போகலாம் என்று பார்த்தால்
முடிச்சு இறுகிக் கிடந்தது.
பல்லால் கடித்து இழுத்தேன்.
கரித்தது.